சம வேலைவாய்ப்பு என்று விளம்பரத்தில் எழுதினால் மட்டும் போதுமா?

கோத்தகிரி அருகே 40 பேர் வேலை செய்யும் தங்கும் விடுதியை நடத்திவரும் நீங்கள், "அனைவரும் விண்ணப்பிக்கலாம்" என்று விளம்பரத்தில் தெளிவாகப் போட்டும் பெண்களோ, பழங்குடியினரோ, சிறுபான்மையினரோ, மாற்றுத்திறனாளிகளோ அதிகம் வரவில்லை, இதற்கு மேல் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் பல ஆண்டுகள் ஆளெடுக்கும் பொறுப்பைப் பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். என் கணிப்பில், இவர்களில் பெரும்பாலோர் நேர்காணலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே கழிந்துவிடுகிறார்கள். ஆகவே நேர்காணலுக்கு முந்தைய படிகளைத்தான் நீங்கள் சரிபார்க்க வேண்டும்.

காலியிடம் பற்றிய செய்தி யார் வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள். இங்குள்ள சிறு நிறுவனங்களில் மேலாளர் தம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவார். அல்லது இருக்கிற பணியாளர்களிடம் "தெரிந்த பையன் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள்" என்பார். அப்படி வருகிறவர் சொன்னவரின் ஊரையும் உறவையும் சேர்ந்தவராக இருப்பதில் வியப்பில்லை. யாரும் யாரையும் வேண்டுமென்றே ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் வருகைப் பதிவேடு முழுவதும் இரண்டு மூன்று குடும்பங்களின் பெயர்களாகவே இருக்கும். அறிவிப்பை ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிவாசல், தேவாலயம் ஆகிய இடங்களில் ஒட்டச் செய்யுங்கள். உதகையில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள். இதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

அடுத்தது விளம்பரத்தில் உள்ள நிபந்தனைகள். கணக்கு எழுத்தர் பணிக்கென்று எங்கள் கோப்பில் ஒரு பழைய விளம்பரப் படிவம் இருந்தது: பி.காம். பட்டம், டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும், வயது 21 முதல் 30 வரை, இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் கட்டாயம். கணக்கு எழுதுபவருக்கு வண்டி எதற்கு என்று விசாரித்தபோது, மாதம் ஒருமுறை வங்கிக்குப் போய்வர வேண்டியிருக்கிறது என்றார்கள். மாதத்தில் ஒரு மணி நேர வேலைக்காகச் சேர்த்த அந்த ஒரு வரி, காலில் குறைபாடு உள்ளவரையும், பார்வைக் குறைபாடு உள்ளவரையும், வண்டி வாங்க வசதியில்லாத தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண்ணையும் ஒருசேர வெளியே நிறுத்தியிருந்தது. வயது வரம்போ, குழந்தை வளர்ப்புக்காக இடையில் வேலையை விட்டு மீண்டும் தேடும் பெண்களைத் தடுத்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, வங்கி வேலையை ஓட்டுநரிடம் கொடுத்ததும் வந்த விண்ணப்பங்களின் தன்மையே மாறிவிட்டது. உங்கள் விளம்பரத்தின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் நேராக, அது எந்த வேலைக்காகத் தேவைப்படுகிறது என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாதவற்றை அடித்துவிடுங்கள்.

பெண்களைப் பொறுத்தவரை, வேலையில் இருப்பதும் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; எடை போட்டு ஏட்டில் எழுதுபவர் பெரும்பாலும் ஆண். கொழுந்து பறிப்பவர்களின் வரிசையில் பிளஸ் டூ முடித்த பெண் நிற்கும்போதும் இதுதான் நிலை. விடுதிகளில் அறை சுத்தம் செய்வது பெண்களுக்கும், வரவேற்பு மேசையும் சமையலறைத் தலைமையும் ஆண்களுக்கும் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஊதியத்தில் மட்டுமின்றி ஆளெடுப்பதிலும் பெண்களிடம் பாகுபாடு கூடாது என்று 1976 ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே கூறியது. அதை உள்ளடக்கிய 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே கூறுகிறது. ஆனால் நம் மலையில் சட்டத்தைவிடக் கடைசிப் பேருந்தே பல நேரங்களில் முடிவு செய்கிறது. இரவு எட்டு மணிக்குப் பணி முடிந்து, காட்டெருமையும் கரடியும் நடமாடும் தேயிலைக் காட்டுப் பாதையில் தனியாக நடக்க எந்தக் குடும்பமும் பெண்ணை அனுப்பாது. மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் இப்போது மலைப்பகுதிக்கும் வந்துவிட்டது என்றாலும், பேருந்தே இல்லாத நேரத்தில் அதனால் பயனில்லை. பணி நேரத்தைப் பேருந்துக்கு ஏற்ப மாற்றுங்கள்; முடியாதென்றால் வீடுவரை ஜீப் அனுப்புங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. இந்த ஒதுக்கீடு உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், அதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரை அமர்த்த வேண்டும் என்பது இச்சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளின் கட்டளை. அந்தக் கொள்கையை இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து நகலெடுக்காமல், உங்கள் கட்டடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சரிவில் கட்டிய விடுதி என்பதால் அலுவலகத்துக்கு எப்படியும் பத்துப் பதினைந்து படிகள் இருக்கும். சாய்தளம் கட்ட இடமில்லையென்றால், நேர்காணலைச் சாலை மட்டத்தில் உள்ள அறையில் நடத்தலாமே. காது கேளாதவருக்குத் தொலைபேசி முன்பதிவு ஒத்துவராது. கணினி வழி முன்பதிவும் சலவைப் பிரிவும் சமையலறையும் நன்றாகவே ஒத்துவரும்.

மதச் சிறுபான்மையினர் விஷயத்தில் சட்டம் வலுவாக இல்லை. அரசியலமைப்பின் 16 ஆவது பிரிவு மதம், சாதி, பால், பிறப்பிடம் பார்த்து வேலை மறுப்பதைத் தடுக்கிறது. ஆனால் அது அரசுப் பணிக்கானது. தனியார் நிறுவனங்களுக்கென்று அப்படி ஒரு பொதுச் சட்டம் நாட்டில் இல்லாததால், இங்கே உங்கள் மனசாட்சிதான் விதி. "சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு, வீட்டில் என்ன சமையல்" என்பவை நலம் விசாரிப்பதுபோல ஒலித்தாலும், எதிரில் இருப்பவருக்கு நோக்கம் புரியாமல் போகாது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, எழுதி வைத்துக் கேளுங்கள்.

பழங்குடியினரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். மாநில அரசுப் பணிகளில் பழங்குடியினருக்குள்ள ஒதுக்கீடு 1 சதவீதம். அதையும் எட்டப் படிப்பும் கோட்டாட்சியர் தரும் சாதிச் சான்றும் வேண்டும். அனுபவம் உள்ளவர்தான் வேண்டும் என்று நீங்களும் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, அப்பகுதிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சியளித்து, அவர்களைச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் உருவாக்கியது. செவிலியர் பணியையே அப்படிக் கற்றுக்கொடுக்க முடிந்ததென்றால், விடுதி வேலைக்கு ஊதியத்துடன் கூடிய மூன்று மாதப் பயிற்சி கொடுப்பது பெரிய காரியமல்ல.

உங்களிடம் வேலை செய்பவர்கள் 10 பேருக்குக் குறையாமல் இருப்பதால், பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி உள் புகார்க் குழுவும் அமைத்தாக வேண்டும். இவற்றோடு ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு வந்தவர், சேர்ந்தவர், ஓராண்டுக்குள் விலகியவர். விலகியவரிடம் காரணம் கேட்டு எழுதுங்கள். எங்கள் நோட்டில் பெண்கள் அதிகம் சொன்ன காரணம், ஷிப்ட் பட்டியல் முந்தைய நாள் மாலையில்தான் தெரியவருகிறது என்பது. இரண்டு வாரம் முன்னதாகவே பட்டியலை ஒட்டத் தொடங்கிய பிறகு அந்தக் காரணம் பெரும்பாலும் வரவில்லை.