கிட் கமிட்டில் என் மின்னஞ்சல் முகவரி வெளியே தெரியுமா? மறைப்பது எப்படி?

தெரியும். கிட் என்பது கோடில் செய்யும் மாற்றங்களைக் கண்காணிக்கும் மென்பொருள்; கமிட் என்பது அதில் ஒரு மாற்றத்தின் பதிவு. அதோடு பெயர், மின்னஞ்சல், நேரம் மூன்றும் ஒட்டிக்கொள்ளும். +0530 என்ற நேர மண்டலமும் கூட. 2005-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக கிட் பிறந்தபோது பேட்ச்கள் (மாற்றங்களைச் சொல்லும் கோப்புகள்) மெயிலில்தான் போய்வந்தன. அந்தப் பழக்கம் இது.

ஓஎம்ஆர் அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி நீட்டும் விசிட்டர் நோட்டு மாதிரி: அடுத்து வருபவர் உங்கள் போன் நம்பரைப் படித்துவிடலாம். இங்கே குளோன் செய்பவர், அதாவது ப்ராஜெக்டை வரலாற்றோடு நகலெடுப்பவர், முழு நோட்டையே ஜெராக்ஸ் எடுத்துப் போகிறார்.

கிட் ப்ராஜெக்டுகளை வைக்கும் தளமான கிட்ஹப்பின் செட்டிங்ஸில் 'ஈமெயில்ஸ்' பக்கத்தில் முகவரியை மறைக்கும் தேர்வை டிக் செய்தால் உங்கள் முகவரிக்குப் பதிலாகப் போட ஒரு 'நோரிப்ளை' முகவரி கிடைக்கும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது இணையதளத்திலேயே செய்யும் கமிட்டுக்குத்தான். லேப்டாப்பில் கிட் கான்ஃபிக்கின் (கிட்டின் அமைப்புகள்) யூசர் ஈமெயிலிலும் அதையே போடுங்கள். தரமணி ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த ப்ராஜெக்ட் என்றால் (அதைச் செய்யாமலிருப்பதே மேல்) லேப்டாப் கணக்கு முழுவதற்குமான 'குளோபல்' வேண்டாம், அந்த ரெப்போவுக்குள் (ப்ராஜெக்ட் இருக்கும் கோப்புறை) மட்டும். சொந்த முகவரியோடு போகும் புஷ்ஷை (கமிட்டுகளைத் தளத்துக்கு அனுப்புவது) தடுக்கும் தேர்வும் அதே பக்கத்தில் உண்டு.

சரிபார்க்க, கிட்ஹப்பில் கமிட் பக்கத்தின் இணைய முகவரிக் கடைசியில் புள்ளி வைத்து ஆங்கிலத்தில் 'பேட்ச்' சேர்த்துத் திறங்கள்; 'ஃப்ரம்' வரியில் இருப்பதுதான் ஊருக்குத் தெரிவது.

இன்று மாற்றினால் பழைய கமிட்டுகளும் மாறிவிடும் என்று நினைப்பது தவறு: வரலாற்றையே திருத்தி எழுதினாலும், ஏற்கெனவே குளோன் எடுத்தவரிடம் பழைய முகவரி அப்படியே இருக்கும்.