எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: ஆர் மென்பொருளில் எல்மர் (lmer, குழுக்களாக வரும் தரவுக்கான கலப்பு மாடல் கட்டளை) வைத்து இரண்டு மாடல் பொருத்தினேன், இரண்டாவதில் ஒரே ஒரு மாறி கூடுதல். இரண்டின் லாக்லிக் (logLik, லைக்லிஹுட் அதாவது மாடல் தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவின் லாக்) மதிப்பையும் எடுத்து, கழித்து, இரண்டால் பெருக்கினால் ஒரு எண் வருகிறது. மாடல்களை ஒப்பிடும் அனோவா (anova) கட்டளை வேறு எண் காட்டுகிறது. எது சரி?

பதில்: அனோவா காட்டுவதுதான் சரி. நாமாக எதுவும் குறிப்பிடாவிட்டால் எல்மர் ரெம்எல் (REML) முறையில்தான் பொருத்தும். அந்த முறை, நிலையான விளைவுகள் (உங்கள் மாறி போல எல்லாக் குழுவுக்கும் பொதுவானவை) விளக்கும் பகுதியைத் தரவிலிருந்து எடுத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் லைக்லிஹுட் கணக்கிடுகிறது. நீங்கள் புது மாறியைச் சேர்த்ததுமே அந்த மிச்சம் வேறாகிவிடுகிறது, அப்புறம் இரண்டையும் கழித்து என்ன பயன்? அனோவா ஓடும்போது, எம்எல் (ML, முழுத் தரவுக்கும் லைக்லிஹுட் கணக்கிடும்) முறையில் திரும்பப் பொருத்துவதாக ஒரு வரி வந்திருக்கும், போய்ப் பாருங்கள். வித்தியாசம் அங்கேதான்.

எம்எல்லில் லாக்லிக் -412.6, -409.9 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2.7, இரட்டித்தால் 5.4. ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு (இரண்டாவது மாடல் கூடுதலாக மதிப்பிடும் எண்களின் எண்ணிக்கை) 5 சதவீத எல்லை 3.84, அதைத் தாண்டிவிட்டது. பி மதிப்பு (மாறிக்கு விளைவே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் வரும் வாய்ப்பு) சுமார் 0.02. அதே மாறி நான்கு வகை கொண்டதாக இருந்தால் 3 டிகிரி, எல்லையும் 7.81 ஆகிவிடும், இதே 5.4 போதாது. இப்படிக் கை ஸ்கொயர் (chi-square, மேலே சொன்ன எல்லைகளைத் தரும் பரவல்) என்பதோடு ஒப்பிடலாம் என்று புள்ளியியலாளர் வில்க்ஸ் 1938-இல் காட்டியது தரவு நிறைய இருக்கும்போது பொருந்துவது. குழுக்கள் ஐந்தாறுதான் என்றால் பி மதிப்பு உண்மையைவிடச் சிறிதாக வந்துவிடும், அதனால் 0.04-ஐப் பார்த்து முடிவெழுத அவசரப்படாதீர்கள்.

சோதிப்பது மாறியை அல்லாமல், ஒரு ரேண்டம் விளைவின் (குழுவுக்குக் குழு மாறுவது) வேரியன்ஸை என்றால் கதை தலைகீழ். வேரியன்ஸ் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, நாம் சோதிப்பதோ அந்த ஓரத்திலேயே, ஆகவே அனோவா தரும் பி மதிப்பு தேவைக்கு அதிகமாகவே இருக்கும். சேர்த்தது ஒரே ஒரு வேரியன்ஸ் என்றால் அதைப் பாதியாக்கிக்கொள்வது வழக்கம், 0.08 வந்தால் 0.04.

இன்னொன்று, இதில்தான் எனக்குக் கவலை அதிகம். புது மாறியில் விடுபட்ட மதிப்புகள் இருந்தால் அந்த வரிசைகளை மென்பொருள் சத்தமில்லாமல் கழற்றிவிடும். முதல் மாடல் 200 வரிசையிலும் இரண்டாவது 187 வரிசையிலும் பொருத்தப்பட்டிருந்தால் ஒப்பிடவே கூடாது. அனோவா பிழை சொல்லி நின்றுவிடும், கையால் கழித்தால் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். வரிசை எண்ணிக்கை காட்டும் என்ஆப்ஸ் (nobs) கட்டளையை இரண்டு மாடலுக்கும் ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கை வேறாக இருந்தால், விடுபடாத வரிசைகளை மட்டும் தனியே எடுத்து இரண்டையும் அதிலேயே மறுபடி பொருத்துங்கள்.