சென்னையில் கடலோர ஃபிளாட்டுக்கு மோல்டிங் வைக்கலாமா? எந்த மெட்டீரியல் தாங்கும்?

கொட்டிவாக்கத்தில் கடல் பக்கம் ஃபிளாட், கடைசி மாடி, மேலே மொட்டை மாடிதான். ஹால் சுவரில் கட்டம் கட்டமாக மோல்டிங் (மேடுபள்ளமான அலங்காரப் பட்டை) வைத்து, சீலிங் ஓரத்தில் அதே மாதிரிப் பட்டையான கார்னிஸ் ஓட்ட ஆசை. பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), எம்டிஎஃப் (மரநார்ப் பலகை), பியு (பாலியூரித்தேன் நுரை) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதை எடுப்பது? புழுதியும் சேருமா? இதுதான் கேள்வி.

நான் இன்டீரியர் டிசைனர் இல்லை. திருவான்மியூரில் இதே மாதிரி கடைசி மாடி ஃபிளாட்டில் ஆறு வருடத்துக்கு முன்னால் மோல்டிங் வைத்து, அதில் பாதியைப் பிய்த்துப் போட்டு, மறுபடி வைத்தவள். அந்தத் தகுதி போதும் என்றால் மேலே படியுங்கள்.

வீடு முழுக்க ஒரே மெட்டீரியலில் போட்டாக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்த பிறகு எது பிஓபி, எது பியு, எது எம்டிஎஃப் என்று தட்டிப் பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. (என் மாமனார் தட்டினார். அவரை விடுங்கள்.) டிசைன் வீடு முழுக்க ஒன்றாக இருக்கட்டும். மெட்டீரியலை மட்டும் சுவருக்குச் சுவர், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். மொட்டை மாடி, பாத்ரூமின் பின்சுவர், ஏசி டிரெயின் குழாய், அப்புறம் தினமும் மாப் போடும் வாளி.

அந்த வாளியைத்தான் நான் மறந்தேன். எங்கள் வீட்டில் பில்டர் வைத்த 4 அங்குல டைல் ஸ்கர்டிங் (தரையை ஒட்டிச் சுவரடியில் ஓடும் பட்டை) இருந்தது. அது அசிங்கமாக இருக்கிறது என்று அதை மறைத்து வெள்ளை எம்டிஎஃப் ஸ்கர்டிங் போட்டேன். நெட்டில் பார்த்த படங்களில் அவ்வளவு அழகு. அந்த வீடுகளில் மரத்தரை, தினமும் யாரும் பினாயில் தண்ணீரோடு வருவதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. நாலே மாதம். சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் அடி விளிம்பு லேசாக உப்பியது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். மேலே பெயிண்ட் தோல் அப்படியே இருக்கிறது, உள்ளே டீயில் முக்கின பொறை மாதிரி பொதபொதவென்று அமுங்குகிறது. எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை. முகத்தில் பட்ட தண்ணீரை ஓரளவு தாங்கும், வெட்டின விளிம்பு வழியாகக் குடித்தால் நார் உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஈரம் தாங்கும் என்று சொல்லி விற்கிற எச்டிஎச்எம்ஆர் பலகை இதைவிட நல்லதுதான், ஆனால் அதுவும் தண்ணீரிலேயே நிற்கக்கூடியது இல்லை. இப்போது எங்கள் வீட்டில் பழைய டைல் ஸ்கர்டிங்தான். அதன் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய பிவிசி பீடிங் ஒட்டி, சுவர் கலரையே அடித்துவிட்டோம். யாரும் குறை சொன்னதில்லை.

அடுத்தது பிஓபி. இதைத் திட்டுகிறவர்கள் அதிகம், நான் அந்தக் கட்சி இல்லை. ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரிக்குச் சுட்டுப் பொடியாக்கினால் பிஓபி. பாரிஸில் மோன்மார்த்ர் பக்கம் வெட்டி எடுத்த ஜிப்சத்தால் அந்தப் பெயர். தண்ணீர் விட்டுக் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகும், இறுகும்போது கொஞ்சம் விரியும். அதனால்தான் அச்சின் பூ, இலை, நரம்பு எல்லாம் அவ்வளவு கூர்மையாக வருகிறது.  விலையும் கட்டுப்படியாகும், உடைந்தால் அதே இடத்தில் குழைத்துப் பூசிச் சரி செய்யலாம். ஆனால் ஜிப்சம் தண்ணீரில் லேசாகக் கரையக்கூடிய பொருள், லிட்டருக்குச் சுமார் 2 கிராம். ஒரு நாள் நனைந்தால் ஒன்றும் ஆகாது. மழைக்காலம் முழுக்க மேலிருந்து ஓதம் இறங்கினால் தீர்ந்தது. எங்கள் ஹாலில் வடகிழக்கு மூலை, மொட்டை மாடி மழைநீர்க் குழாய் இறங்கும் இடம். முதல் ஐப்பசியிலேயே கார்னிஸில் டீக்கறை மாதிரி ஒரு கோடு வந்தது. கார்த்திகையில் உப்புப் பூத்தது. தை மாதம் ஒட்டடை அடிக்கும்போது ஒரு முழத் துண்டு கம்போடு வந்துவிட்டது. அதே ஆட்கள், அதே மூட்டைப் பொடியில் போட்ட பெட்ரூம் கார்னிஸ் இன்றைக்கும் கும்மென்று இருக்கிறது. ஓதம் இறங்கியது அந்த ஒரு மூலையில் மட்டும்தான்.

உங்களுக்கும் மேலே மொட்டை மாடி என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். முதலில் மாடியில் வாட்டர்ப்ரூஃபிங்கைப் பாருங்கள், செய்து ஒரு வடகிழக்குப் பருவமழை போகட்டும். சந்தேகமான சுவர் இருந்தால் இரண்டு அடிக்கு இரண்டு அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்தச் சுவரில் பிஓபியும் வேண்டாம், எம்டிஎஃபும் வேண்டாம். கோளாறு சரியாகும்வரை எதுவுமே வேண்டாம். ஈரமான சுவரில் பியு ஒட்டினால் பியு கெடாது, சுவரின் பட்டியையும் பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு தானாக இறங்கி வரும்.

உங்கள் ஹால் கார்னிஸுக்கு என் ஓட்டு பியுதான். தண்ணீர் குடிக்காது, கரையான் தின்னாது, எடையே இல்லை, ஒரு ஆள் ஒரு கையில் பிடித்து ஒட்டிவிடலாம். விலைதான் கடிக்கும். பெரும்பாலும் 8 அடி நீளத்தில் வருகிறது. 18-க்கு 12 ஹால் என்றால் சுற்றளவு 60 அடி, கணக்குப்படி 8 துண்டு போதும். 9 வாங்குங்கள். மூலை வெட்டிலும், பூ டிசைன் என்றால் பூவோடு பூ சேர்ப்பதிலும் கொஞ்சம் வீணாகும், பிறகு போனால் அதே டிசைன் கிடைக்காது. ரன்னிங் அடி ரேட் சொல்லும்போது பொருள் மட்டுமா, ஒட்டுக்கூலி, பட்டி, பெயிண்ட் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்களுக்குச் சண்டை வந்த இடம் அதுதான்.

பியு என்று சொல்லி பாலிஸ்டைரீன் மோல்டிங்கைக் கொடுக்கிற கடைகளும் உண்டு. பாலிஸ்டைரீன் ஒன்றும் மோசமான பொருள் இல்லை. பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் போட்டோ ஃபிரேமுக்கு வெட்டித் தருகிற பட்டைகளில் பெரும்பாலானவை அதுதான், தெர்மாகோலின் கெட்டியான அண்ணன். ஆனால் அதற்குப் பியு விலை கொடுக்கக் கூடாது. கண்டுபிடிக்க ஒரு வழி: வெட்டின துண்டில் நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு விடுங்கள். பாலிஸ்டைரீன் என்றால் பிசுபிசுவென்று குழைந்துவிடும், பியு பேசாமல் இருக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் பெயிண்டர் டிவி சுவரின் மோல்டிங்கில் சிந்திய பெயிண்டை என்சி தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். துணி அப்படியே ஒட்டிக்கொண்டது. எடுத்தபோது அம்மைத் தழும்பு மாதிரி ஓர் அடிக்குப் பள்ளம். கடைக்காரர் கொடுத்த பியு, பியு இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூஜை அறையிலும் அடுப்புக்கு மேலேயும் இந்த பிளாஸ்டிக் வகையறா எதுவும் வேண்டாம். பாலிஸ்டைரீன் நெருப்பில் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், பியுவும் எரியும். கார்த்திகை தீபத்துக்கு வரிசையாக அகல் வைக்கிற வீட்டில் இது விளையாட்டு இல்லை. அங்கே ஜிப்சம் வையுங்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே கட்டுண்டிருக்கும் தண்ணீர், அதனால் தீ அவ்வளவு சீக்கிரம் தின்னாது.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேக்கு பீடிங்கை பாலிஷ் போட்டு மரமாகவே காட்டப் போகிறீர்கள் என்றால் எடுங்கள்; வாசல் நிலையைச் சுற்றி, பூஜை அறைக் கதவில் அதற்கு ஈடு கிடையாது. வெள்ளை (மரத்தின் வெளிப்பக்க இளம் பகுதி) ஓடாத துண்டாகப் பார்த்து வாங்குங்கள், வைரத்தை (நடுவில் இருக்கும் கெட்டி மரம்) விட்டுவிட்டுக் கரையான் வெள்ளையைத்தான் தேடி வரும். மேலே பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் தேக்கு வேண்டாம். பட்டுப்புடவையை உள்பாவாடையாகக் கட்டுகிற கதை அது.

அளவு விஷயத்தில்தான் நம் ஃபிளாட்களில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம் சீலிங் ஒன்பதரை, பத்து அடி. அரண்மனைப் படத்தைப் பார்த்து 8 அங்குலக் கார்னிஸ் வைத்தால் சீலிங் தலையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். 3 அங்குலம், மிஞ்சினால் 4 போதும். சுவர்க் கட்டங்களுக்கு ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலப் பட்டை. மோல்டிங் என்பதே நிழல் விழுவதற்காகத்தான். சாயங்காலம் மயிலாப்பூர் கோயில் பிராகாரத்தைச் சுற்றும்போது கருவறைச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். உபானம், ஜகதி, உருண்டையாகக் குமுதம், உள்வாங்கின கண்டம், மேலே பட்டிகை என்று கல்லிலேயே வரிவரியாக ஏறும். கண்டத்தில் இருட்டு, குமுதத்தில் வெளிச்சம். நம் வீட்டில் அதில் ஒரு கோடு வந்தால் போதும். அதற்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நேர் எதிரே டியூப்லைட் இருந்தால் எவ்வளவு செலவு செய்தாலும் சுவர் தட்டையாகத்தான் தெரியும்.

கட்டம் போட ஒரு கணக்கு சொல்கிறேன். 12 அடிச் சுவர் என்பது 144 அங்குலம். மூன்று கட்டம் என்றால் இரண்டு ஓரமும் நடுவில் இரண்டுமாக நாலு இடைவெளி. இடைவெளி நாலரை அங்குலம் என்றால் மொத்தம் 18. மிச்சம் 126, மூன்றால் வகுத்தால் ஒவ்வொரு கட்டமும் 42. இதைக் காகிதத்தில் போட்டுவிட்டு உடனே ஆசாரியைக் கூப்பிடாதீர்கள். மாஸ்கிங் டேப் வாங்கிச் சுவரிலேயே ஒட்டி ஒரு வாரம் பாருங்கள். எங்களுக்கு மூன்றாவது கட்டத்தின் கோடு நேராக சுவிட்ச் போர்டின் நடுவில் போனது அப்போதுதான் தெரிந்தது. சோஃபா முதுகு மறைக்கிற உயரம், ஏசி வருகிற இடம் எல்லாம் டேப்பிலேயே தெரிந்துவிடும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஆணி அடிக்க விடாதீர்கள், உள்ளே ஒயர் குழாய் ஓடும்.

வேலை சுத்தமாக இருக்கிறதா என்பது மூலையில்தான் தெரியும். இரண்டாவது தடவை வந்த கார்பென்டர் வந்ததும் 45 டிகிரிக்கு வெட்டத் தொடங்கவில்லை. மூலையில் இரண்டு வேஸ்ட் துண்டுகளைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, அவை சந்திக்கிற இடத்தில் பென்சிலால் கோடு இழுத்தார். பிறகு கோணமானியை வைத்துப் பார்த்தார். 92 டிகிரி. “மேடம், பில்டர் கட்டின சுவர்ல நைன்ட்டி எங்க இருக்கு?” என்று சிரித்துவிட்டு, அந்த 92-ஐ இரண்டாகப் பிரித்து வெட்டினார். கண்ணை மூடிக்கொண்டு 45 வைத்திருந்தால் நுனியில் ஒரு நூல் வாய் பிளந்திருக்கும். முதலில் வந்தவர்கள் அப்படித்தான் வெட்டி, பிளவில் பட்டியைத் திணித்துவிட்டுப் போனார்கள். ஒரே கோடையில் அந்தப் பட்டி வெடித்து, ஆறு மூலையிலும் மயிரிழைக் கோடு. பிளவை அடைக்கப் பட்டி வேண்டாம், பெயிண்ட் பிடிக்கிற அக்ரிலிக் சீலன்ட் கேளுங்கள், அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். சாதாரண சிலிக்கானில் பெயிண்ட் நிற்காது.

ஒட்டும் இடத்தில் பழைய டிஸ்டம்பர் இருந்தால் சுரண்டச் சொல்லுங்கள். பசை சுவரைப் பிடிக்க வேண்டும், பெயிண்டைப் பிடித்தால் பெயிண்டோடு வந்துவிடும். பசையோடு கன் பின்னும் (கன்னால் அடிக்கிற மெல்லிய ஆணி) அடிக்கட்டும்.

புழுதியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆமாம், சேரும். மெயின் ரோட்டுப் பக்கம் ஜன்னல் என்றால் இரண்டு வாரத்தில் ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பிலும் கருப்பாக ஒரு கோடு. கொத்துக் கொத்தாகப் பூ வைத்த டிசைனைத் துடைத்து மாளாது. வழவழப்பான, இரண்டே வளைவு உள்ள பட்டையை எடுங்கள், அதற்குத் துடைக்கக்கூடிய எனாமலோ நல்ல எமல்ஷனோ அடியுங்கள்.

மிச்சமான துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். எங்கள் பெயிண்டர் ஒரு முழத் துண்டின் பின்புறம் பெயிண்ட் நம்பரையும் தேதியையும் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். பரணில் போட்டு வைத்திருந்தேன். போன வருடம் சோஃபா மாற்றும்போது ஒரு கட்டத்தின் கீழ் மூலை பெயர்ந்தது, அந்தத் துண்டை வெட்டித்தான் ஒட்டினோம். அதில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது.