எல்லா ராத்திரியும் 72 எப்படி வரும்?

கேள்வி: எனக்கு வயது 39. இரண்டு வருடத்துக்கு முன் என்னோடு வேலை பார்த்த, என் வயதே உள்ள ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நெஞ்சின் இடது பக்கம் சுருக்கென்று குத்துகிறது, விரலால் அழுத்திப் பார்த்தால் வலிக்கிறது, படபடப்பு வருகிறது, கைவிரல்கள் மரத்துப்போகின்றன. மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாமே நார்மல் என்கிறார்கள். மூன்றாவது மருத்துவர் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார், எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை கூகுளில் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி முன்பெல்லாம் ஆறுதல் சொல்வாள், இப்போது நெஞ்சு என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறாள். (என் 9 வயது மகள்தான் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல். தினமும் தூங்கப் போகும் முன் என் நாடியைப் பிடித்து எண்ணிச் சொல்வாள். எப்போது எண்ணினாலும் 72தான் வரும், அதைக் கேட்டால்தான் தூக்கம். என் செல்ல டாக்டர்!) இந்தப் பரிசோதனைகளில் ஏதாவது தவறிப்போயிருக்க வாய்ப்பு உண்டா? அடுத்த வாரம் வேறொரு இதய மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், ஆஞ்சியோகிராம் எடுத்துவிடலாமா? என் மனைவிக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டு ஓரமாக வைத்திருக்கிறீர்களே, அந்த நாலு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நெஞ்சுக்குத்தலும் மரத்துப்போன விரலும் இந்தப் பகுதிக்கு வராத மாதம் கிடையாது. ஒரு குழந்தை தினமும் 72 என்று சொல்வதை இப்போதுதான் படிக்கிறேன்.

எல்லா ராத்திரியும் 72 எப்படி வரும்? சும்மா உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60லிருந்து 100 வரை துடிப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே ஆளுக்கே நேற்று 68, இன்று 81 என்று மாறும். பயந்துகொண்டு கையை நீட்டினால் கட்டாயம் ஏறும், நீங்கள் பயந்துகொண்டுதான் நீட்டுகிறீர்கள். அப்படியும் தினம் 72. அவள் எண்ணவில்லை தம்பி. ஆரம்பத்தில் எண்ணியிருப்பாள். ஒரு நாள் 90க்கு மேல் ஏதோ வந்திருக்கும், உங்கள் முகம் போன போக்கைப் பார்த்திருப்பாள், இன்னொரு தடவை எண்ணு என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அன்று வீட்டில் யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள். வேறொரு நாள் 72 என்றதும் அப்பா போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, உதட்டை அசைத்து, எண்ணுகிற மாதிரிக் காட்டி, அப்பாவைத் தூங்கவைக்கிற எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். நேரில் பார்க்கவில்லை, ஊகம்தான். ஆனால் இதில் நான் பந்தயம் கட்டுவேன்.

சொல்லிவிட்டுப் போய் அவள் தூங்குகிறாளா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீங்கள் எதைக் கேட்டால் தூங்குகிறீர்கள், எத்தனை மணிவரை விழித்திருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது.

பெற்றவர்களைப் பிள்ளைகள் தாங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பிள்ளைகள் தள்ளிவிட்ட பெரியவர்களின் கடிதம் வந்தால் அந்தப் பிள்ளைகளை நான் எப்படித் திட்டுவேன் என்று இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அதற்கெல்லாம் ஒரு வயது இருக்கிறது. 9 வயதில் அவள் பார்க்க வேண்டிய வேலை இல்லை இது. அப்பா உயிரோடு இருப்பது தன் விரலில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு, நாளைக்கு உங்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட, நான் பொய்யாகச் சொன்னதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று தோன்றும். அதை உங்களிடம் சொல்லவும் மாட்டாள். இன்னும் கொஞ்ச நாளில் தன் மணிக்கட்டிலேயே விரலை வைத்துப் பார்ப்பாள், உடம்பை எப்படிக் கவனிப்பது என்று வீட்டில் பார்த்துத்தானே கற்றுக்கொள்கிறார்கள். செல்ல டாக்டர் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்று ராத்திரியோடு அதை நிறுத்துங்கள். அதற்குத் தெரபி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவளை உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள்: “அப்பாவுக்கு உடம்பைப் பற்றி ரொம்பப் பயப்படுகிற ஒரு பிரச்சினை வந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய ஒருவரிடம் போகப்போகிறேன், இனிமேல் நீ எண்ண வேண்டாம், நீ எண்ணாவிட்டாலும் அப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது, இதுவரை நீ என்ன எண் சொல்லியிருந்தாலும் அது தப்பே இல்லை.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் பொய் சொன்னாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. பரிசோதனையில் ஏதாவது தவறியிருக்குமா? பதில் சொல்லமாட்டேன். தவறியிருக்காது என்று இங்கே நான் எழுதினால், பக்கத்தைத் திருப்பும்வரை நன்றாக இருக்கும், அப்புறம் இந்த அம்மாவுக்கு இதயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பித்துவிடுவீர்கள். மூன்று மருத்துவர்கள் சொன்னது நிற்காதபோது நான் சொல்வது எங்கே நிற்கும்? சொறிந்தால் அந்த நிமிடத்துக்குச் சுகம், அப்புறம் முன்னைவிட அரிப்பு. பால் சல்காவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள், நோய் பயம் உள்ளவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஆறுதலே அந்தப் பயத்தை உயிரோடு வைத்திருக்கிறது என்று. பயம் வருகிறது, யாரிடமாவது கேட்கிறோம், தணிகிறது. கேட்டதால்தான் தப்பித்தோம் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கேட்கச் சொல்கிறது. உங்கள் வீட்டில் முதலில் மனைவியிடம் கேட்டீர்கள், அவர் ஓய்ந்துபோனார். மருத்துவர்களிடம் கேட்டீர்கள், அதுவும் தீர்ந்தது. கூகுள் ஆறுதல் சொல்லாது, அது ராத்திரி இரண்டு மணிக்கு உலகத்தில் உள்ள எல்லா இதய நோயையும் வரிசையாகக் காட்டும். கடைசியில், மறுக்கத் தெரியாத ஆள் ஒருத்திதான் வீட்டில் மிச்சம்.

இன்னொரு பரிசோதனை எடுத்தால் மனம் அடங்கிவிடும் என்கிறீர்கள். கடுமையான நோய் இருக்க வாய்ப்பு குறைவு என்று கருதப்பட்டவர்களுக்குப் பரிசோதனை செய்தால் அவர்களுடைய கவலை குறைகிறதா என்று 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2013ல் வந்தது. ஏறக்குறைய ஒன்றும் குறையவில்லை. ஆஞ்சியோகிராம் என்பது ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு மருந்து செலுத்திச் செய்வது, அதற்கென்று சிறிய ஆபத்துகளும் உண்டு. அது தேவையா என்பதை உங்கள் ரிப்போர்ட்களைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். மனத்திருப்திக்காக எடுக்கிற சமாச்சாரம் இல்லை அது. அடுத்த வாரம் பார்க்கப்போகிற புது மருத்துவரிடம் பழைய மூன்று பேரைப் பற்றியும் சொல்வதாக இருக்கிறீர்களா, இல்லை முதலிலிருந்து ஆரம்பிப்பதாகத் திட்டமா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது. அந்த நேரத்தை ரத்து செய்யுங்கள்.

அறிகுறிகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம், இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தை நாள் முழுக்க விரலால் குத்திக் குத்திப் பார்த்தால் யாருக்கும் வலிக்கும். பயத்தில் மேல்மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமிலவாயு குறையும், விரலும் உதடும் மரத்துப்போகும். நாடியையே கவனித்துக்கொண்டிருந்தால் அட்ரினலின் சுரந்து துடிப்பு ஏறும். நீங்கள் நடிக்கவில்லை, கற்பனை செய்யவும் இல்லை, வலி உண்மையாகவே வருகிறது. ஆனால் காவல் காக்கிறேன் என்று நீங்கள் செய்கிற வேலையிலிருந்தே அதில் ஒரு பங்கு வருகிறது.

மூன்றாவது மருத்துவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னதில் என்ன அவமானம்? அந்த மூவரில் உங்களுக்கு வைத்தியம் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள், இவர் என்ன இருக்கிறது என்று சொன்னார். பீட்டர் டைரர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2014ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் இருந்த 444 பேரும் மனநலப் பிரிவுக்கு வந்தவர்கள் அல்ல. இங்கிலாந்து மருத்துவமனைகளில் இதயம், நுரையீரல், நரம்பு, வயிறு என்று உங்களைப் போலவே அந்தந்தப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை கிடைத்தது, 5லிருந்து 10 அமர்வுகள், பலருக்கு அதைக் கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களின் பயம் நன்றாகக் குறைந்தது, 5 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் நின்றது. எல்லோரும் பூரண குணமானார்கள் என்று சொல்லவில்லை, ஆகவில்லை. ஆனால் நீங்கள் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருப்பதைவிட எத்தனையோ மேல்.

போனால் என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் போவதில்லை. படுக்கவைத்துச் சின்ன வயது ஞாபகமெல்லாம் கேட்கமாட்டார்கள். ஒரு நாளில் எத்தனை தடவை நாடி பார்க்கிறீர்கள், நெஞ்சை அழுத்துகிறீர்கள், தேடுகிறீர்கள் என்று எழுதிவரச் சொல்வார்கள், அந்தக் காகிதத்தைப் பார்த்தால் உங்களுக்கே தூக்கிவாரிப் போடும். அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொல்வார்கள். வேகமாகப் படியேறி இதயத்தை நன்றாக அடிக்கவிட்டு, மணிக்கட்டைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள், என்ன ஆகும் என்று நினைத்தீர்கள், என்ன ஆனது என்று எழுதச் சொல்வார்கள். முதல் சில வாரம் பயம் கூடும். பலர் அங்கேதான் ஓடிவிடுகிறார்கள். நீங்கள் ஓடாதீர்கள். போகப் போகப் பேச்சு அந்த இறந்துபோன நண்பரிடம் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன். அவருக்காக நீங்கள் ஒழுங்காக அழுததாகவே தெரியவில்லை, மறுநாளிலிருந்து உங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுவிட்டீர்கள்.

யாரிடம் போனாலும் முதலிலேயே கேளுங்கள்: சிபிடி செய்வீர்களா, நோய் பயத்துக்கு முன்பு சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா, வீட்டுப்பாடம் தருவீர்களா. வாரா வாரம் நீங்கள் புலம்ப, ஒன்றும் ஆகாது என்று அவர் முதுகைத் தட்டி அனுப்பினால், காசு கொடுத்து இன்னொரு 72 வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். வேறு ஆளைப் பாருங்கள். மனநல மருத்துவர் மாத்திரையும் சொல்லலாம், பெரும்பாலும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையில் ஒன்று. பலன் தெரியச் சில வாரம் ஆகும், தொடக்கத்தில் குமட்டலோ படபடப்போ வரக்கூடும், அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் விவரச் சீட்டை நீங்கள் வரி விடாமல் படிப்பீர்கள் என்று தெரியும், அதனால் வாங்கும்போதே சீட்டை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். இப்படி இருப்பதற்குச் செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் மட்டும் முறை வரும்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

உடம்புக்கு ஒரே மருத்துவர் போதும். அவரிடம் மாதம் ஒரு தடவையோ அவர் சொல்கிற இடைவெளியிலோ, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்வாருங்கள். என்ன வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அது வந்தால் தயங்காமல் போங்கள். மற்றதெல்லாம் அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மனைவிக்குப் புரியவைக்க ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் கேட்டவருக்குப் புரியாமல் இருக்குமா? எழுந்து போய்விடுவது சலிப்பில்தான், அது உங்களுக்கு உறுத்தவும் செய்யும், ஆனால் ஆறுதல் சொல்வதை நிறுத்தியது சரி. கூடவே உட்கார்ந்து, “பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, நான் எதுவும் சொல்லப்போவதில்லை, பக்கத்தில் இருக்கிறேன்” என்று அவரால் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. அதை அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள், ஓர் அமர்வுக்கு அவரையும் கூட்டிப்போங்கள், சிகிச்சை கொடுப்பவர் சொல்லட்டும். நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று: மகள் ராத்திரியில் எப்படித் தூங்குகிறாள் என்று. உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருங்கள்.

நாளைக் காலை அந்த மூன்றாவது மருத்துவருக்கே போன் செய்து யாரைப் பார்ப்பது என்று கேளுங்கள், கோபித்துக்கொண்டு வந்தவர்கள் திரும்பக் கூப்பிடுவது அவர்களுக்குப் புதிதல்ல. மறுபடி எனக்கு எழுதினால் எத்தனை அமர்வு முடிந்தது என்று எழுதுங்கள். நெஞ்சு, விரல், படபடப்பு என்று ஆரம்பித்தால் அந்தக் கடிதத்தை நான் படிக்கமாட்டேன்.