மாணிக்கம் அடி வாங்கும் இடம்

கேள்வி: சினிமா முரடர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? மறக்க முடியாத சண்டை எது?
- ஒரு வாசகர், காங்கயம்

பதில்: 1995-ல் வந்த 'பாட்ஷா'வின் மாணிக்கம்தான், சந்தேகமே வேண்டாம். கம்பத்தில் கட்டி வைத்து அடிக்க அடிக்க, ரஜினி சிரித்த முகமாக வாங்கிக்கொள்வாரே, அங்கேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். அப்புறம் தங்கை மேல் கை வைத்ததும் திருப்பிக் கொடுக்கும் அந்த முதல் அடி! ஈரோட்டுத் தியேட்டரில் பக்கத்து இருக்கைப் பெரியவர் தோள் துண்டைச் சுழற்றிக்கொண்டு எழுந்தேவிட்டார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த கோபம் அவருக்கும்தான்.

காங்கயத்திலிருந்து கேட்டதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டுமுங்க. நம்ம கோயமுத்தூர் சாண்டோ சின்னப்பா தேவரின் தேவர் பிலிம்ஸ் எடுத்த முதல் படம் 'தாய்க்குப்பின் தாரம்', 1956. அதில் எம்.ஜி.ஆர். காளையோடு மோதுவார். காளைக்குப் பேர்போன ஊர்க்காரர் நீங்கள், அவசியம் பாருங்க.