கடைசிப் பந்தியில் யார் உட்காருவது?

கேள்வி: எங்கள் மகளிர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு நட்சத்திர ஓட்டலில் விருந்து நடத்தி, காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளிக்கு நிதி திரட்டுகிறது. டிக்கெட் 4,000 ரூபாய். ஓட்டலுக்குத் தலைக்கு 1,800 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், 150 பேருக்குக் குறையாமல் கட்ட வேண்டும். சென்ற ஆண்டு 110 டிக்கெட் விற்றது. கமிட்டியில் உழைக்கும் பத்துக் குடும்பத்தார் நாற்பது பேரும் வழக்கம்போல டிக்கெட் இல்லாமல் கலந்துகொண்டோம். இந்த ஆண்டு மூன்று வாரமே இருக்கிறது, 60 டிக்கெட்தான் போயிருக்கிறது. சென்ற ஆண்டு இரண்டு டிக்கெட் வாங்கிய என் நாத்தனார் (கணவரின் அக்கா, ஓய்வு பெற்ற ஆசிரியை) ‘பள்ளிக்கு 2,000 ரூபாய் நேரே அனுப்பிவிட்டேன், விருந்துக்கு வரவில்லை’ என்கிறார். கமிட்டியில் எனக்குப் பெரிய தலைகுனிவு. உணவு வகைகளைக் கூட்டலாமா? பாட்டுக் கச்சேரி வைக்கலாமா? டிக்கெட்டில் 80ஜி (நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை) என்று அச்சிட்டால் விற்குமா? நாத்தனாருக்கு எப்படிப் புரியவைப்பது?

– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கச்சேரி இருக்கட்டும். ‘வழக்கம்போல’ என்று போகிற போக்கில் ஒரு சொல் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

கணக்குப் போடுவோம். வரியோடு சேர்த்து ஒரு தட்டு 2,124 ரூபாய். 150 தட்டுக்கு 3,18,600. டிக்கெட் விற்று வந்தது 4,40,000. மிச்சம் 1,21,400. மேடை, மைக், பொன்னாடைச் செலவெல்லாம் இதில் கை வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியும் 4,000 ரூபாய் கொடுத்தவரின் பணத்தில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 1,100தான். உங்கள் நாற்பது பேரின் சாப்பாட்டுக்கு ஓட்டல் வாங்கியது 84,960. ‘150 பேருக்கு எப்படியும் கட்டத்தானே வேண்டும், காலி நாற்காலியில்தானே உட்கார்ந்தோம்’ என்பீர்கள். அந்த 150க்கு ஒப்புக்கொண்டபோதே உங்கள் நாற்பதையும் சேர்த்துத்தானே எண்ணினீர்கள்? நீங்களும் டிக்கெட் வாங்கியிருந்தால் 1,60,000 ரூபாய் கூடியிருக்கும். ஊரெல்லாம் அலைந்து 110 டிக்கெட் விற்றும் பள்ளிக்குக் கிடைத்த தொகையைவிட அது அதிகம்.

இனி உங்கள் நாத்தனார். சென்ற ஆண்டு 8,000 கொடுத்தார், அதில் சுமார் 2,200 ரூபாய் குழந்தைகளுக்குப் போனது. இந்த ஆண்டு 2,000 அனுப்பினார், 2,000மும் போனது. அவருக்கு நீங்கள் எதைப் புரியவைக்கப் போகிறீர்கள்? பிள்ளைகளுக்குக் கணக்குத் திருத்திய கை அது. உங்களுக்கு முன்பே போட்டுப் பார்த்திருக்கும். உறவினர் நடுவே அதைச் சொல்லிக் காட்டாமல், பணத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். தம்பி மனைவியின் மானத்தைக் காப்பாற்றியவரைத் தலைகுனிவு என்று எழுத உங்களுக்கு மனம் வந்ததே!

உழைக்கிறோம் என்கிறீர்கள். என் சித்தி கல்யாணத்தில் தாத்தாவும் உழைத்தார். தோளில் துண்டோடு, ‘ரசம் வந்ததா, மோர் வந்ததா’ என்று பந்தி பந்தியாக விசாரித்துக்கொண்டே நின்றார். மூன்றரை மணிக்கு அவர் இலை போட்டு உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்துவிட்டது. கூடையின் அடியில் அப்பள நொறுக்கு மட்டும் கிடந்தது. அதை அள்ளி ரசம் சோற்றின் மேல் தூவிக்கொண்டு, ‘எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டார்களா?’ என்று சமையற்காரரைக் கேட்டார். கூப்பிட்டவர்கள் அப்படித்தான் சாப்பிட வேண்டும். உங்கள் பிள்ளைகளோ, காசு கொடுத்து வந்த விருந்தாளிகளோடு இலவசத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றிருக்கிறார்கள். பொதுப் பணத்தில் சாப்பிடுவது அம்மாவின் உழைப்புக்குக் கிடைக்கும் உரிமை என்று அந்த வயதிலேயே கற்றுக்கொண்டிருப்பார்கள். எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து களைகட்டும். ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு மொய் வாங்குவார்கள். ஒருவருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். செலவைப் பகிர்ந்துகொள்ளப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. அது தருமம் அல்ல, ஊர் கூடிக் கொடுக்கும் கடன். வாங்கியதற்கு மேல் வைத்துத் திருப்ப வேண்டும் என்ற நெருக்கடி எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அங்கே கறிக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவு விருந்து வைப்பவருடையது. யார் எவ்வளவு வைத்தார் என்பது பெயரோடு நோட்டில் ஏறும். 2018இல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் இந்த மொய் விருந்து முறையிலேயே டீ கொடுத்து நிவாரணத்துக்கு நிதி சேர்த்தார். வெறும் டீ! அதைக் குடித்துவிட்டுப் பணம் போட்டவர்கள் யாரும் மெனு கார்டு கேட்கவில்லை.

உங்கள் விருந்தில் கசப்பது உணவு அல்ல. இன்னும் நான்கு வகை இனிப்பை வைத்தாலும், டிக்கெட்டை நீட்டுகிற கையில் சொந்த டிக்கெட் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்த பிறகு அது இறங்காது.

80ஜி விஷயம் சுருக்கமாக. சாப்பாட்டை விற்றுவிட்டு அதற்கு நன்கொடை என்று பெயர் வைக்காதீர்கள். தனியாகத் தருகிறவர்களுக்குப் பள்ளியே ரசீது கொடுக்கட்டும். அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் சலுகை கிடையாது.

இன்றைய நிலையில் 60 டிக்கெட்டுக்கு வந்தது 2,40,000, ஓட்டலுக்குக் கட்ட வேண்டியது 3,18,600. விருந்து முடிந்ததும் குழந்தைகளுக்கு ஒரு பைசா இருக்காது. உங்கள் சங்கம்தான் கடனில் நிற்கும். நாளைக்கே கமிட்டியைக் கூட்டி, முதல் நான்கு டிக்கெட்டுக்கு நீங்கள் பணம் கட்டுங்கள். மற்ற ஒன்பது குடும்பங்களும் கட்டட்டும். முணுமுணுக்கிறவர்கள் பரிமாறிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும். பிறகு ஓட்டலோடு பேசி 150ஐ 100 ஆகக் குறையுங்கள். உங்கள் நாற்பதும் சேர்ந்து 100 டிக்கெட் ஆகி, ஓட்டலும் இசைந்தால் பள்ளிக்கு 1,87,600 மிஞ்சும், சென்ற ஆண்டைவிட அதிகம். இசையாவிட்டாலும் 81,400 இருக்கும். அழைப்பிதழில் ஓட்டலுக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று இரண்டே வரியில் அச்சிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணவரோடு நாத்தனார் வீட்டுக்குப் போங்கள். சென்ற ஆண்டுக் கணக்கை அவரிடம் காட்டி, நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். டிக்கெட் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.