டோபமைன் கேப்ஸ்யூல் இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா?

கேள்வி: வயது 49. ஓராண்டாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டும் 150/95-க்குக் கீழே இறங்கவில்லை. டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்தால் உடலில் உப்பு தங்கிவிடுமாம். இரத்தத்தில் டோபமைன் அளவைப் பார்த்துவிட்டு, அதைக் கூட்டும் கேப்ஸ்யூலைச் சாப்பிடச் சொல்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களிடம் சொன்னவர் முழுப் பொய்யும் சொல்லவில்லை, தொல்லையே அதுதான். சிறுநீரகம் தனக்கான டோபமைனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. உப்பு மிகும்போது, வடிகட்டிய சோடியம் மீண்டும் உறிஞ்சப்படுவதை டோபமைன் தடுத்து, சிறுநீரோடு வெளியே அனுப்புகிறது. உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் அளவுக்கு மீறிச் சுரக்காமலும் அடக்கி வைக்கிறது. இந்த ஏற்பாடு தளர்ந்தால் அழுத்தம் ஏறலாம். இதுவரை சரி.

ஆனால் வாய்வழி விழுங்கும் டோபமைன் குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடும். மருத்துவமனையில் அதை இரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் விழுந்துவிட்ட அழுத்தத்தை உயர்த்துவதற்கு! சிறிய அளவில் ஏற்றினால் சிறுநீரகம் பிழைக்கும் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 328 பேரிடம் நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பலன் இல்லை என்று தெரிந்தது.

இத்தகைய கேப்ஸ்யூல்கள் சிலவற்றில் பூனைக்காலி விதைத் தூள் இருக்கும். அதில் இருப்பது லெவோடோபா, உடலுக்குள் டோபமைனாக மாறும் பார்க்கின்சன் நோய் மருந்து. அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரிடும். ‘இயற்கையானது’ என்று லேபிளில் போட்டுவிட்டால் பக்கவிளைவு போய்விடாது.

இரத்தப் பரிசோதனையும் வீண். இரத்தத்தில் உள்ள டோபமைன் அளவு, சிறுநீரகச் செல்லுக்குள் நடப்பதைச் சொல்லாது. ‘ஹார்மோன் பேக்கேஜ்’ என்று நீளமான பட்டியலை நீட்டுபவரிடம், எந்த முடிவு வந்தால் என் சிகிச்சையில் எது மாறும் என்று கேளுங்கள். பதில் வராது, கமிஷன் மட்டும் போகும்.

ஒரே ஒரு ஹார்மோன் பரிசோதனைக்கு விதிவிலக்கு உண்டு: ஆல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதம் (ரெனின் என்பது ஆல்டோஸ்டீரோன் சுரப்பைத் தூண்ட சிறுநீரகம் வெளியிடும் பொருள்). மூன்று வகை மருந்துக்கும் அழுத்தம் அடங்காவிட்டால், பொட்டாசியம் குறைந்திருந்தால், இளம் வயதிலேயே அழுத்தம் வந்திருந்தால், ஸ்கேனில் அட்ரீனல் கட்டி தெரிந்தால் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஆல்டோஸ்டீரோன் மிகுந்து ரெனின் ஒடுங்கியிருந்தால், சுரப்பியே கட்டுப்பாடின்றிச் சுரக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். அதற்குத் தனி மருந்து உண்டு; சிலருக்கு அறுவை சிகிச்சையிலேயே தீரும். பொட்டாசியம் இயல்பாக இருப்பதாலேயே இந்த நோய் இல்லை என்று தள்ளிவிட முடியாது. சோதனைக்கு முன் பொட்டாசியக் குறைவைச் சரிசெய்ய வேண்டும். ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் சொன்னால் மட்டும் சில வாரம் நிறுத்த வேண்டும். தேவையற்ற பேக்கேஜ்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இந்த ஒரு சோதனையை எழுதிக்கொடுக்க மட்டும் யாருக்கும் கை வருவதில்லை. ஐந்து நிமிடச் சந்திப்பில் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது எளிது அல்லவா?

உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் வையுங்கள். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைச் சாப்பிடுகிறீர்களா? அவையும் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். அடுத்த முறை போகும்போது அந்த அட்டைகளையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.